தேசிக்காய் கட்டியிருந்த கம்பி

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஜூன் மாதக் கடைசி. பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை. ஒஸ்லோவிலிருந்து துரொண்ட்ஹெய்ம் போகும் பெருந்தெருவில், மியோசா ஏரியை ஒட்டிய ஓர் இடத்தில், கொன்ட்ரோல் என்று சொல்லும் வாகனச் சோதனைக்கு நின்ற, மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் கையை நீட்டி எங்கள் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். அந்தக் கையை என் உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன். ஆனால் அன்றைக்கு அதைக் கண்டவுடன் என் வாயில் வந்தது, "அட கோதாரி, இப்பதானே இதுவும் வரவேணும்!" என்பதுதான்.

நாங்கள் ஒஸ்லோவின் குரோருட்டில் குடியிருக்கிறோம். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், என் கணவர் ஒரு பேக்கரியில். ஒரே ஒரு மகள், அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. கோடை வந்தால் எங்கள் தொடர்மாடியில் உள்ள நோர்வேக்காரர் பாதிப்பேர் காருக்குப் பின்னால் கரவனைக் கொழுவிக்கொண்டு, சமையலறை, கட்டில், மேசை எல்லாவற்றோடும் புறப்பட்டுவிடுவார்கள். மேல்மாடத்தில் நின்று அவர்களைப் பார்த்துப் பார்த்தே இவருக்கும் ஆசை தொற்றிவிட்டது. அந்த வருடம் பனி உருகுவதற்கு முன்பே ஒரு பழைய கரவனை வாங்கிக்கொண்டு வந்து தரிப்பிடத்தில் விட்டுவிட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. துரொண்ட்ஹெய்மில் இருக்கும் என் அக்காவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள், அவவைப் பார்க்கப் போக வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "உம்மடை கொக்காவிட்டைத்தான் முதல் பயணம்" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டார்.

இவர் ஒரு காரியத்தில் இறங்கினால் தலைகீழாய் நின்றாவது செய்து முடிப்பார், அதைச் சொல்லத்தான் வேண்டும். எழுநூற்றைம்பது கிலோவுக்கு மேற்பட்ட கரவனுக்குச் சொந்தமாகப் பிரேக் இருக்க வேண்டும், எண்பதுக்கு மேல் ஓடக்கூடாது, காரும் கரவனும் சேர்ந்த நிறை லைசென்ஸுக்குள் அடங்க வேண்டும், கரவன் காரைவிட அகலம் என்பதால் பக்கக் கண்ணாடி நீட்டிப் பூட்ட வேண்டும் என்று எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தார். நான் சோறு போடும்போது நிறைக் கணக்குச் சொல்லுவார். மகள் காதில் வயரை மாட்டிக்கொண்டு எழும்பிப் போய்விடுவாள்.

புது வாகனம் என்றால் எங்களுக்குக் கோயிலுக்குக் கொண்டுபோகாமல் தீராதே. ஐயர் வந்து சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, கற்பூரம் காட்டி, சந்தனம் பூசினார். தேசிக்காயும் பச்சை மிளகாயும் கோத்த சரம் ஒன்றை இவர் கையில் கொடுத்து, கண்ணூறு படாமல் வாகனத்தின் முன்னுக்குக் கட்டச் சொன்னார். காருக்கு முன்பக்கம் எதுவென்று எல்லோருக்கும் தெரியும். கரவனுக்கு முன்பக்கம் எது? காரோடு கொழுவுகிற அந்த இரும்புக் கைதான். அதில் சிவப்புப் பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கம்பி ஒன்று, நுனியில் கொழுக்கியோடு சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். "பாரப்பா, கொழுவுறதுக்கெண்டே வைச்சிருக்கிறாங்கள்" என்று சொல்லி, சரத்தை அந்தக் கொழுக்கியில் மாட்டி, நிலத்தில் உரசாமல் இருக்கக் கம்பியையும் இரும்புக் கையில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சாமான் ஏற்றியது என் பொறுப்பு. துரொண்ட்ஹெய்மிலும் தமிழ்க் கடை இருக்கிறதுதான். ஆனாலும் ஒஸ்லோவிலிருந்து போகும்போது வெறுங்கையோடு போக முடியுமா? சிவப்பரிசி மூட்டை, தேங்காய், வறுத்த மா, தூள், அக்கா கேட்ட கிரைண்டர், எல்லோருக்கும் சமைக்கப் பெரிய கிடாரம் என்று அத்தனையையும் கரவனின் கடைசிப் பின்பக்கம் அடுக்கினேன். முன்பக்கம் யன்னலோரம் அழகான இருக்கைகள் இருந்தன. அது எங்கள் ஹோல். நாலு பேர் வந்து இருக்கிற இடத்தில் யாராவது அரிசி மூட்டையை வைப்பார்களா?

ஒஸ்லோவைத் தாண்டியதும் கரவன் ஆடத் தொடங்கியது. சும்மா ஆட்டமில்லை, வீதியுலா வருகிற தேர் மாதிரி இந்தப் பக்கம் ஒருக்கால், அந்தப் பக்கம் ஒருக்கால். இறக்கத்தில் காரையே பிடித்து உலுப்பியது.

"இஞ்சாருங்கோ, ஏனப்பா இது இப்பிடி ஆடுது?"

"காத்தப்பா. நீர் சும்மா இரும்."

மரத்தில் ஒரு இலை அசையவில்லை. நான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டபடி இருந்தேன். அப்போதுதான் அந்தக் கை நீண்டது. நாங்கள் ஆடி ஆடி வருவதைத் தூரத்திலேயே கண்டிருக்கிறார்.

ஐம்பது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, வெயிலில் உரிந்த மூக்கு. லைசென்ஸைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், வெளிச்சங்களைப் போடச் சொல்லிப் பார்த்தார், டயர்களைக் குனிந்து பார்த்தார். கேட்டது எல்லாவற்றுக்கும் இவர் மளமளவென்று பதில் சொன்னார். நிறைக் கணக்கைச் சொன்னபோது அவர் புருவத்தை உயர்த்தி, இவ்வளவு ஒழுங்காகத் தெரிந்துகொண்டு வருபவர்கள் குறைவு என்றார். இவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிறகு அவர் காருக்கும் கரவனுக்கும் நடுவில் போய்க் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. இரண்டு முழங்காலையும் சரளைக் கல்லில் ஊன்றி அப்படியே இருந்தார். நானும் இறங்கிப் போனேன்.

"இது என்ன?" என்று தேசிக்காய்ச் சரத்தைக் காட்டிக் கேட்டார்.

நிறைக் கணக்கைக் கரைத்துக் குடித்த மனுசனுக்குக் கண்ணூறை நோர்வேஜிய மொழியில் சொல்ல வரவில்லை. நான்தான் சொன்னேன், இது எங்கள் வழக்கம், வழியில் ஒரு ஆபத்தும் வராமல் காக்க என்று. சொல்லிவிட்டுச் சிரிப்பார் என்று காத்திருந்தேன். வேலையிடத்தில் எத்தனை சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். சிரித்தால் திருப்பிக் கொடுக்க இரண்டு வசனம் ஆயத்தமாகவே வைத்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "இந்தக் கம்பியும் அதற்காகத்தான் இருக்கிறது" என்றார். "ஆனால் இது காரில் கொழுவியிருக்க வேண்டும்."

அவர் உடனே விளக்கம் கொடுக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து, கம்பியின் நுனியை இவர் கையில் கொடுத்து, இழுத்துப் பார் என்றார். இவர் இழுத்தார். கரவனின் ஹான்ட்பிரேக் "டக்" என்று மேலே துள்ளியது. ஓடும்போது எப்படியாவது கரவன் காரிலிருந்து கழன்றுவிட்டால், இந்தக் கம்பிதான் கடைசியாக ஒரு இழுவை இழுத்துப் பிரேக்கைப் பிடித்துவிட்டுத் தானும் அறுந்துபோகும். அது கொழுவியிருக்காவிட்டால் கரவனைப் பிடிக்க இந்த உலகத்தில் ஒன்றும் இல்லை. இதை அவர் சத்தம் போடாமல், பயப்படுத்தாமல் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். தேசிக்காய்ச் சரத்தைக் கழற்ற வேண்டும். அவர் கையில் கிறீஸ் பிரண்ட கையுறை. அதைக் கழற்றி வைத்துவிட்டு, கையைத் தன் காற்சட்டையில் துடைத்துவிட்டு, வெறுங்கையால் அந்தச் சரத்தை எடுத்தார். இதை எங்கே கட்டலாம், எங்கே கட்டினால் உங்களுக்குச் சரி என்று என்னிடம் கேட்டார். கரவனின் முன்பக்க மூலையில் ஒரு கைபிடி இருந்தது, அதைக் காட்டினேன். தானே கட்டிவிட்டார். நான் ஆயத்தமாக வைத்திருந்த இரண்டு வசனமும் தொண்டைக்குள்ளேயே கரைந்துபோயின.

ஆனால் என் கோபம் அத்தோடு முடியவில்லை, ஏனென்றால் அடுத்தது என் அரிசி மூட்டைக்கு வந்தார். கரவனைக் காரிலிருந்து கழற்றி, அதன் முன் மூக்கை ஒரு சின்னத் தராசில் வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை என்றே சொல்லலாம். பின்பக்கம் பாரம் கூடி, மூக்கு மேலே எழும்பப் பார்க்கிறது, ஆட்டம் அதனால்தான் என்றார். சாமானை இறக்கச் சொன்னார். பட்டப்பகலில், பெருந்தெருவோரத்தில், என் கிடாரமும் தேங்காயும் கிரைண்டரும் வரிசையாக வெளியே வந்தன. மகள் காருக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, "அம்மா, இது சரியான ஃப்ளௌட்!" என்றாள். மானக்கேடு என்பதற்கு இங்கே பிள்ளைகள் சொல்லும் சொல் அது. அந்த நேரம் பார்த்து ஒஸ்லோத் தமிழர் யாரோ ஹோர்ன் அடித்துக் கையும் காட்டிக்கொண்டு போனார்கள். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

ஏன் எல்லாவற்றையும் பின்னுக்கு வைத்தீர்கள் என்று கேட்டார். முன்பக்கம் ஹோல், அங்கே அரிசி வைக்க முடியாது என்று நான் முகத்தை நீட்டிக்கொண்டு சொன்னேன். அவர் அதையும் ஒரு நியாயமாகவே எடுத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "ஹோல் வேண்டாம். நடுவில், சில்லுக்கு மேலே, சாப்பாட்டு மேசைக்குக் கீழே வைக்கலாமா?" என்றார். வைத்தோம். மூட்டையின் ஒரு முனையை அவரும் பிடித்தார்.

திரும்பக் கொழுவும்போது இவரையே செய்யவிட்டுப் பக்கத்தில் நின்றார். பிடி சரியாக உட்கார்ந்தால் அதில் ஒரு பச்சை அடையாளம் தெரியும், அந்தப் பச்சையைக் கண்ணால் காணாமல் காரில் ஏறாதே என்று சொல்லிக் கொடுத்தார். கடைசியில் கம்பியின் கொழுக்கியைக் காரில் இருந்த வளையத்தில் மாட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். தண்டம் எழுதப் போகிறார் என்று இவர் பயந்துகொண்டு நின்றார். அவரோ நல்ல பயணம் என்று சொல்லி, அக்காவின் முழங்கால் சுகமாக வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். சாமான் இறக்கும்போது அக்காவின் கதையையும் நான் இறக்கிவிட்டிருந்தேன் போலிருக்கிறது.

"முழு மத்தியானமும் போச்சு" என்று நான் காருக்குள் புறுபுறுத்தேன். ஆனால் கரவன் ஆடவில்லை. எண்பதில் போனாலும் பூனைக்குட்டி மாதிரிப் பின்னால் வந்தது.

பிந்திவிட்டதால் வழியில் ஒரு கம்பிங் இடத்தில் தங்கினோம். மலைச்சரிவில் படிப்படியாகக் கரவன்களும் கூடாரங்களும், கீழே ஆற்றோரம் சிறுவர்களுக்கு ஊஞ்சலும் மணல் தொட்டியும். காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகக் கரவனைக் கழற்றி வைத்தோம். காலையில் எழும்பினால் சரியான மழை. அக்கா துரொண்ட்ஹெய்மிலிருந்து "எத்தினை மணிக்கு வருவியள், புட்டு அவிக்கவோ?" என்று தொடர்ந்து போன் எடுத்துக்கொண்டிருந்தா. இவர் ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு மழைக்குள் கொழுவினார். தேசிக்காய்ச் சரம் காற்றில் அவிழ்ந்து விழுந்திருந்தது. அதையும் எடுத்து, அவசரத்தில் கொழுவுகிற பிடியிலேயே தொங்கவிட்டார்.

நான் குடைக்குள் நின்று, "பச்சை தெரியுதோ?" என்று கேட்டேன்.

"ஓமோம், பச்சைதான், ஏறும்!"

இவர் பார்த்தது அந்தப் பச்சையா, மேலே தொங்கிய மிளகாயா என்று இன்றுவரை எங்கள் வீட்டில் வழக்கு நடக்கிறது. கம்பியை மட்டும் மறக்கவில்லை. முதல் நாள் "டக்" என்று துள்ளியது கைக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். வளையத்தில் மாட்டி, அந்தப் பெண் செய்தது போலவே இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

வெளியே போகும் பாதை நல்ல ஏற்றம். மேலே வாசலுக்குக் கிட்ட, வேகத்தைக் குறைக்கப் போட்ட ஒரு மேடு. கார் அதில் ஏறி இறங்கியது. பின்னால் ஏதோ உடைந்த மாதிரி ஒரு சத்தம். கார் திடீரென்று பாரம் இல்லாமல் முன்னால் பாய்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கரவன் எங்களோடு இல்லை. அது பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கீழே நேர் பாதை. பாதை முடியும் இடத்தில் அந்த ஊஞ்சல். மழைக்குள் நீல மழைச்சட்டை போட்ட ஒரு குழந்தை, மூன்று வயதுகூட இருக்காது, தேங்கிய தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தது. இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மழை ஒரு பொருட்டா? "ஐயோ பிள்ளை!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. இவர் காரை நிறுத்திக் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். ஓடி என்ன செய்ய? ஒரு டன் இரும்பைக் கையால் பிடிக்கவா?

கரவன் கொஞ்சம் உருண்டது. பிறகு ஒரு குலுக்குக் குலுங்கி, மூக்கைச் சரளைக்குள் குத்திக்கொண்டு, நின்றுவிட்டது.

நின்றேவிட்டது. பிரேக் நெம்பு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. அறுந்த சிவப்புக் கம்பியின் ஒரு துண்டு கரவனில், மறு துண்டு காரில். நான் காரிலிருந்து இறங்கி, அந்த மழைக்குள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். கீழே அந்தக் குழந்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. குதித்துக்கொண்டே இருந்தது.

நெடிய மனிதர் ஒருவர் மேலே ஓடி வந்து, சில்லுகளுக்குப் பின்னால் பெரிய கல்லுகளை உருட்டி வைத்தார். அறுந்த கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு கீழே ஊஞ்சல் பக்கம் ஒருக்கால் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது, அந்தக் குழந்தை அவருடையது. ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசினால் வாயே திறக்கக்கூடாது என்றும் நினைத்தேன். அவரோ இறங்கிப் போனார். போய், தன் கரவனில் மேலதிகமாக வைத்திருந்த புதுக் கம்பியைக் கொண்டு வந்து, இவரோடு சேர்ந்து பூட்டித் தந்தார்.

ஒரு கிழமை கழித்துத் திரும்பி வரும்போது, அதே ஏரிக்கரையில், இந்த முறை தெருவின் ஒஸ்லோவுக்கு வரும் பக்கம், மஞ்சள் மேலங்கிகள் தெரிந்தன. எங்களை யாரும் மறிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, உள்ளை விடுங்கோ" என்றேன். இவரும் மறுபேச்சுப் பேசாமல் திருப்பினார். அவர்தான். அதே உரிந்த மூக்கு.

"நான் உங்களைக் கூப்பிடவில்லையே" என்றார். கூப்பிடாமல் தானாக வந்து சோதனைக்கு நிற்கும் வாகனத்தை அவர் அதற்கு முன் கண்டிருக்கமாட்டார்.

நான் சொன்னேன். ஏற்றத்தையும், மேட்டையும், நீல மழைச்சட்டையையும், அறுந்த கம்பியையும் சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது, மீதியை இவர் சொன்னார். அவர் முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் என்ன செய்தார் தெரியுமா? நேரே போய், அதே மாதிரிச் சரளையில் முழங்காலை ஊன்றி, புதுக் கம்பியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பச்சை அடையாளத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். எழும்பி வந்துதான் என் கையைப் பிடித்தார்.

"இங்கிருந்து நான் அனுப்பும் வாகனங்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவே வராது" என்றார். "ஒன்றும் நடக்காவிட்டால் யார் வந்து சொல்லப் போகிறார்கள்? இத்தனை வருடத்தில் நீங்கள்தான் வந்திருக்கிறீர்கள்." அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அக்கா கட்டித் தந்த பருத்தித்துறை வடைப் பையை நீட்டினேன். வேலை நேரத்தில் எதுவும் வாங்கக்கூடாது என்று மறுத்துவிட்டார். அந்தச் சட்டத்திலும் அவர் ஒரு நூல் பிசகவில்லை. தேசிக்காய் எங்கே என்று மட்டும் கேட்டார். கைபிடியில் புதிதாகக் கட்டியிருந்ததைக் காட்டினேன். தலையாட்டினார்.

இப்போது எங்கள் கரவனைக் கொழுவினால் கடைசியாகப் பார்ப்பது நான்தான். இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் இவரைக் காரில் ஏறவிடமாட்டேன். பக்கத்தில், வெஸ்ட்லியில் இருக்கும் எங்கள் சிநேகிதர் குடும்பம் கரவனை இரவல் கேட்டால், முதலில் கம்பியை இழுத்துக் காட்டிவிட்டுத்தான் திறப்பைக் கொடுப்பேன். என்னைக் "கொன்ட்ரோல் அக்கா" என்று பகிடி பண்ணுகிறார்கள், பண்ணட்டும். அந்த நீல மழைச்சட்டைக் குழந்தை இப்போது நல்லாய் வளர்ந்திருக்கும். அந்தக் காலை தனக்கு என்ன நடக்காமல் போனது என்பதும், அதற்காக முதல் நாளே யாரோ ஒருத்தி தெருவோரச் சரளையில் முழங்காலை ஊன்றினாள் என்பதும் அதற்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை, எனக்குத் தெரியும்.